ஸ்கேனுக்கு முன்னால் காபி ஏன் கூடாது?

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்குப் பெட் ஸ்கேன். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றார்களாம். ரத்தச் சர்க்கரையைப் பார்த்த பிறகுதான் ஊசியே போட்டார்களாம். ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டுமாம். “ஒரு வாய் காபி குடித்தால் என்ன ஆகிவிடும்? அப்படியென்றால் சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்பது உண்மைதானா? போட்ட கதிரியக்க மருந்து அம்மா உடம்பிலேயே தங்கிவிடாதா?” மூன்று கேள்விக்கும் விடை ஒரே மூலக்கூறில் இருக்கிறது.

சி.டி. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் செல்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று காட்டும். ஊசியில் போவது எஃப்.டி.ஜி. அதாவது, இரண்டாவது கார்பனில் இருக்க வேண்டிய ஹைட்ராக்சிலுக்கு (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) பதில் ஃபுளோரின் 18 என்ற கதிரியக்க அணு அமர்ந்த குளுக்கோஸ். ஃபுளோரின் 18 சிதையும்போது எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரான் கிளம்பும். பக்கத்திலேயே ஓர் எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழியும். தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இரண்டு காமா கதிர்கள் நேரெதிராகப் பறக்கும். நோயாளியைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு உணரிகள் ஒரே சமயத்தில் விழித்தால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ சிதைவு நடந்திருக்கிறது. இப்படி லட்சக்கணக்கான கோடுகளிலிருந்து கணினி படம் வரைகிறது. சரி, இதெல்லாம் ஓரளவு பள்ளிக்கூடத்துப் பாடம்.

எனக்குப் பிடித்தது செல்லுக்குள் நடக்கும் கூத்து. செல்லின் வாசலில் நிற்கும் கடத்திப் புரதங்கள் எஃப்.டி.ஜி.யைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே விட்டுவிடும். உள்ளே ஹெக்சோகைனேஸ் என்ற நொதியும் அதே ஏமாளிதான். வந்த மூலக்கூறில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பாஸ்பேட் ஒட்டினால் மின்னூட்டம் வந்துவிடும், இனி செல் சவ்வைத் தாண்டி வெளியேற வழியில்லை. அடுத்த நொதியோ இதை ஃபிரக்டோஸ் வகையாக மாற்ற வேண்டும். அதற்கு அந்த இரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சில் வேண்டும். அங்கே ஃபுளோரின்! முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. ஓடை மடையில் வைக்கும் மீன் பறி மாதிரி: நுழைவது சுலபம், திரும்புவது இல்லை. ஒரு மணி நேரம் பொறுத்தால், எந்தச் செல் சர்க்கரையை அதிகம் இழுக்கிறதோ அங்கே அதிகம் தேங்கிக் கிடக்கும். கல்லீரலிலோ பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி தாராளமாக உண்டு. அதனால்தான் கல்லீரல் புற்றுநோய்களில் சில இந்த ஸ்கேனுக்குத் தண்ணி காட்டிவிடுகின்றன.

காபிக்கும் இதுதான் பதில். ரத்தத்தில் நிஜச் சர்க்கரை நிறைய ஓடினால், அதே வாசலில் எஃப்.டி.ஜி.க்கு இடம் கிடைக்காது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் தசைகளின் கதவையும் திறந்துவிடும்; மருந்து பாதி அங்கே போய்விடும். ஓயாமல் பேசினால் குரல்வளைத் தசைகூட ஒளிரும்!

புற்றுசெல்கள் குளுக்கோஸை வாரி இழுப்பதை ஜெர்மனியின் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். ஆனால் எஃப்.டி.ஜி. முதலில் மனிதருக்குள் போனது புற்றுநோய்க்காக அல்ல, மூளையைப் பார்க்க. 1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, பிலடெல்பியாவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம்தான். தாமதித்தால் மருந்து கரைந்துவிடும். அதற்குச் சில வருடம் முன்பே பிராக் நகர வேதியியலாளர்கள் கதிரியக்கமில்லாத எஃப்.டி.ஜி.யைச் செய்திருந்தார்கள், ஸ்கேன் என்ற நினைப்பே இல்லாமல். “இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?” என்று கேட்கும் இன்றைய நிதி விண்ணப்பத்தில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன்.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமுள்ள மூளை, ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே படத்தில் மூளை முழுக்கவே ஜொலிக்கும். அந்த வெளிச்சத்தில் கட்டி மறைந்துவிடலாம் என்பதால், மூளைக் கட்டிகளுக்கு மெத்தியோனின் போன்ற அமினோ அமில மருந்துகளையும் பயன்படுத்துகிறார்கள். மற்ற மூளை நோய்களில் தேடுவது இருட்டை. அல்சைமரில் பொட்டு மடலும் உச்சி மடலும் மங்கும். வலிப்பு நோயில், வலிப்பு வராத நேரத்தில் எடுத்த படத்தில், கோளாறு கிளம்பும் இடம் மங்கித் தெரியும்; அறுவை சிகிச்சைக்கு அது பெரிய துப்பு.

ஒளிர்வதெல்லாம் புற்று என்றும் பயப்பட வேண்டாம். காசநோயை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களும் சர்க்கரைக்கு அலைபவைதான். நம் நாட்டில் நுரையீரலில் ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துவிட்டு, திசுப் பரிசோதனை செய்யாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. ரிப்போர்ட்டில் உள்ள எஸ்.யு.வி. எண்ணை (ஓர் இடத்தில் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற அளவு) கூகுளில் தேடி இரவெல்லாம் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். “சர்க்கரையை நிறுத்து, புற்று பட்டினியால் சாகும்” என்று வாட்ஸப்பில் சுற்றுவது, இந்த ஸ்கேனை அரைகுறையாகப் புரிந்துகொண்டதன் விளைவு. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் மூளை நின்றுவிடும். கட்டி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இளைப்பது நோயாளிதான். கீமோ எடுக்கும் ஒருவருக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்பவரிடம் எனக்குப் பொறுமையே கிடையாது.

கடைசிக் கேள்வி. அரை ஆயுள் 110 நிமிடம் என்றால் பத்து மணி நேரத்தில் மிஞ்சுவது சுமார் 2 சதவீதம். நிறையச் சிறுநீரிலும் போய்விடும். முதல் சில மணி நேரம் கைக்குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் தள்ளி இருந்தால் போதும். சிதைந்த அணு என்ன ஆகிறது தெரியுமா? துகள்களை வேகமாக முடுக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் ஆக்சிஜன் 18 உள்ள தண்ணீரைப் புரோட்டான்களால் மோதித்தான் ஃபுளோரின் 18 செய்கிறார்கள். பாசிட்ரானை விட்டதும் அது மறுபடி ஆக்சிஜன் 18 ஆகிவிடும். ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால் காணாமல் போன அந்த ஹைட்ராக்சில் தயார். நொதிக்கு இப்போது பிடி கிடைத்துவிட்டது. வேஷம் போட்டு வந்த மூலக்கூறு நிஜச் சர்க்கரையாகவே செரிக்கப்பட்டுவிடும்.