கோப்பு இருக்கிறது, கிடைக்கவில்லை

அரசு அலுவலகங்களில் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதும், தகவல் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்குப் பதில் தயாரிக்க உதவுவதும் என் தொழில். ஒரு முறை, ஒரே ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்த நாளிலிருந்து பதில் போன நாள் வரை எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று பதிவேட்டை வைத்துக் குறித்துப் பார்த்தோம். கேட்கப்பட்டது ஒரு கட்டட ஒப்பந்தத்துக்கான ஒப்புதல் ஆணை. அதைப் படித்துத் தரலாமா, கூடாதா என்று முடிவு செய்ய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஆனால் விண்ணப்பம் எந்தப் பிரிவுக்கு உரியது என்று தீர்மானிப்பதிலும், கோப்பைத் தேடுவதிலும், மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருப்பதிலும் மற்ற நாட்கள் எல்லாம் கழிந்து, கெடுவின் கடைசி நாளில்தான் பதில் போனது. மறைக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. வெளியே காத்திருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

அரசின் ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சுவீடன் 1766 ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. அமெரிக்கச் சட்டம் 1966 இல் கையெழுத்தானது. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இல் வந்தது; பிரிட்டனின் 2000 ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 2005 இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதில் தர இந்தியாவில் 30 நாட்கள், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாக 20 வேலை நாட்கள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். கெடு விண்ணப்பம் வந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. என் அனுபவத்தில், பதில் உரிய நேரத்தில் போகுமா என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்னால், அந்தக் கோப்புக்குத் தலைப்பு எழுதப்பட்ட நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

'பொது', 'இதர', 'கடிதப் போக்குவரத்து' என்று தலைப்பிட்ட கோப்புகளை எத்தனை அலமாரிகளில் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. அதை எழுதியவர் அந்த இருக்கையில் இருக்கும் வரை எல்லாம் அவர் நினைவில் இருக்கும். அவர் மாறுதலாகிப் போன மறுநாளே அந்தக் கோப்பு அலுவலகத்துக்கு இல்லாததாகிவிடும். மின்னஞ்சல் இதைவிட மோசம். ஒரு முக்கியமான முடிவுக்கான காரணம் அதிகாரி ஒருவரின் அஞ்சல் பெட்டியிலோ கைபேசி உரையாடலிலோ மட்டுமே இருக்கும், கோப்பில் அதன் சுவடே இராது. ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, எளிதில் எடுக்கும்படி பராமரிக்க வேண்டும் என்று இந்தியச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு தொடக்கத்திலேயே கூறுகிறது. பிரிட்டனில் ஆவணப் பராமரிப்புக்கென்று தனி நடைமுறை விதித்தொகுப்பே உண்டு. விண்ணப்பப் பிரிவுக்கு ஆட்களைக் கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு பிரிவிலும் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் நான் எப்போதும் முதலில் சொல்வேன். பழைய கோப்புகளை அழிக்கும் பட்டியலில் ஒப்பமிடுபவர், அவற்றில் எதையாவது கேட்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா என்று பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும். வெளியிடுவதைத் தடுக்கும் நோக்கத்துடன் ஆவணத்தை அழிப்பது பிரிட்டனில் குற்றம்.

அடுத்தது, கேட்டவரிடம் பேசுவது. 'பாலம் தொடர்பான அனைத்து ஆவணங்களும்' என்று ஒருவர் எழுதினால், அலுவலகம் ஆயிரக்கணக்கான பக்கங்களை நினைத்து மலைக்கிறது, அல்லது கோரிக்கை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. வெளியில் இருப்பவருக்கு உள்ளே என்னென்ன ஆவணங்கள் எந்தப் பெயரில் இருக்கின்றன என்று தெரியாது. ஆகவே வலையை விரித்து வீசுகிறார். அப்படிக் கேட்ட ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, எங்களிடம் இருக்கும் ஆவண வகைகளைப் படித்துக் காட்டியபோது, அவருக்கு வேண்டியது கடைசி இரண்டு பாதுகாப்பு ஆய்வறிக்கைகள் மட்டுமே என்று சில நிமிடங்களில் தெரிந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் அந்த உரையாடலில் வரக்கூடாது. இந்தியச் சட்டம் விண்ணப்பதாரர் காரணம் கூறத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கேட்டாலே அவர் தயங்கிப் பின்வாங்குவார்.

ஒரு பக்கத்தில் ஒருவரின் முகவரி இருக்கிறது என்பதற்காக முழு அறிக்கையையும் மறுப்பதைப் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். விலக்குக்கு உரிய பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தர வேண்டும் என்பதே இச்சட்டங்களில் பரவலாக உள்ள விதி. நீக்குவதிலும் கவனம் தேவை: கணினிக் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பட்டை போட்டு அப்படியே அனுப்பினால், கீழே உள்ள எழுத்து அழியாமல் இருந்து, வேறோரிடத்தில் நகலெடுத்து ஒட்டினால் முழுவதும் தெரிந்துவிடக்கூடும். எழுத்தையே நீக்கிப் புதிய கோப்பாகச் சேமித்து, அனுப்பும் முன் மற்றொருவர் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இணையத்தில் வெளியிட்டுவிடலாம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கேட்கப்பட்டு வழங்கப்பட்ட ஆவணங்களை அப்படி வெளியிட வேண்டும் என்று அமெரிக்கா 2016 திருத்தத்தில் சட்டமாகவே எழுதியது.

'ஆவணம் கிடைக்கவில்லை' என்ற பதிலைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. அந்த ஒற்றை வரியில் தேடினார்களா, எங்கே தேடினார்கள், எப்போதாவது இருந்ததா என்ற எதுவும் இல்லை. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அந்தப் பதிலுடன் ஒரு தாள் இணைக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம்: தேடிய பிரிவுகள், பார்த்த பதிவேடுகள், தேடிய நாள், தேடியவரின் கையொப்பம். இரண்டு முறை கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்ட ஒரு கோப்புக்கு அந்தத் தாளை நிரப்ப உட்கார்ந்த எழுத்தர், தணிக்கைப் பிரிவின் பெயரை எழுதப்போய், அங்கே இதுவரை யாரும் கேட்கவே இல்லை என்று எழுந்து போனார். சற்று நேரத்தில் கோப்புடன் திரும்பி வந்தார்.