கோவாக்சின் படிவத்தில் கையெழுத்து கேட்டது ஏன்?

2021 ஜனவரி 3 அன்று கொரோனா தடுப்பூசிகளான கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் ஒன்றாகவே அவசரகால அனுமதி கிடைத்தது. ஆனால் ஊசி போடும் இடத்தில் ஒரு வித்தியாசம். கோவாக்சின் போட வந்தவர்களிடம் மட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

காரணம் எளிது. கோவிஷீல்டு விஷயத்தில் நோயைத் தடுக்கும் திறன் 70.42 சதவீதம் என்று வெளிநாட்டுப் பரிசோதனைகளில் கிடைத்த கணக்கு கையில் இருந்தது. கோவாக்சின் பாதுகாப்பானது, உடலில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்பதுவரை முதல் இரண்டு கட்டங்களில் தெரிந்திருந்தது. நோயை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லவேண்டிய மூன்றாம் கட்டப் பரிசோதனை முடியவில்லை. அதனால் அனுமதியே 'பரிசோதனை முறையில்' என்ற நிபந்தனையோடு வந்தது. "இது வேலை செய்யுமா?" என்று கேட்டவர்களை வதந்திக்காரர்கள் என்று ஒதுக்கினார்கள். பலன் இன்னும் உறுதியாகவில்லை என்று அந்தப் படிவமே சொல்லியிருந்ததே!

படிவத்தில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. கடுமையான பக்கவிளைவு வந்தால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை. தடுப்பூசியால்தான் வந்தது என்று நிரூபணமானால் கோவாக்சினைத் தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனம் இழப்பீடு தரும். எந்த ஊசி வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முதலில் வழியில்லை. வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது.

மார்ச் 3 அன்று கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனையில், தடுக்கும் திறன் 81 சதவீதம் என்ற இடைக்கால முடிவு வந்தது. 'அப்படியென்றால் போட்டுக்கொண்ட நூறு பேரில் 19 பேருக்கு கொரோனா வருமா' என்று பலர் பயந்தார்கள். கணக்கு அப்படி இல்லை. பரிசோதனையில் இருந்தவர்கள் 25,800 பேர். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி ஊசி. அதுவரை நோய் வந்தது 43 பேருக்கு: போலி ஊசிக்காரர்கள் 36, தடுப்பூசிக்காரர்கள் 7. முப்பத்தாறு ஏழாகக் குறைந்ததைத்தான் 81 சதவீதம் என்றார்கள். வெறும் 43 பேரை வைத்துச் சொன்ன எண் என்பதால் பின்னால் மாறும் என்று எதிர்பார்த்ததுதான். 130 பேர் கணக்கில் வந்த இறுதி முடிவு 77.8 சதவீதம்; கொரோனாவின் டெல்டா வகைக்கு எதிராக மட்டும் பார்த்தால் 65.2. உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாக எதிர்பார்த்தது 50.

'பரிசோதனை முறையில்' என்ற அந்த நிபந்தனை 2021 மார்ச்சிலேயே நீங்கிவிட்டது, கையெழுத்தும் அதோடு போயிற்று. அப்புறம் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பக்கவிளைவு விவரங்களை, போட்டுக்கொண்டவர்களின் அடையாளம் தெரியாமல், மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.