ஐ.டி. சப்போர்ட் வேலையை விடப்போகிறீர்களா? விடுமுன் கேட்டு வாங்க வேண்டியவை

பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பது, "நெட் வேலை செய்யுதில்லை" என்ற அழைப்புக்கு ஓடுவது. திருகோணமலையில் வங்கியோ ஹோட்டலோ, ஐ.டி. சப்போர்ட்காரரின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். சில வருடத்தில் அலுப்புத் தட்டி, நெட்வேர்க் பாதுகாப்பு, மென்பொருள், கடலோரச் சுற்றுலா என்று வேறு பக்கம் போக மனம் வருவது நியாயம்தான். தாராளமாகப் போங்கள். ஆனால் சட்டப்படி வரவேண்டிய பணத்தையும், இத்தனை நாள் செய்த வேலைக்கான சான்றையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது முதலாளி மொத்தமாகத் தரவேண்டிய பணம். இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, தனியார் துறையில் ஒரே முதலாளியிடம் 5 வருடம் முடித்தவர் வேலையை விட்டால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். நீங்களாகவே இராஜினாமா செய்தாலும் இது உண்டு. "நீயே விட்டுப் போறாய், உனக்கு ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கணக்கு கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல் வரும். ஓவர்டைம் அதில் சேராது. மாதம் 60,000 ரூபாய் வாங்கி 6 வருடம் முடித்தவருக்கு 30,000 வீதம் 6 வருடத்துக்கு 1,80,000 ரூபாய். அதே ஆள் 4 வருடம் 10 மாதத்தில் விட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் எதுவும் இல்லை. இரண்டு மாதம் பொறுத்தால் என்ன வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு இராஜினாமாக் கடிதத்தை எழுதுங்கள்.

இந்தச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். திருகோணமலைக் கிளையில் மூன்றே பேர் இருக்கலாம். எண்ணிக்கை கிளைக்கு அல்ல, முழுக் கம்பனிக்கும். நீங்கள் தினமும் போய் நிற்பது நிலாவெளி ஹோட்டலாக இருந்தாலும், நியமனக் கடிதம் தந்து சம்பளம் போடுவது கொழும்புக் கம்பனி என்றால் உங்கள் முதலாளி அந்தக் கம்பனிதான். உண்மையிலேயே 15 பேருக்குக் குறைவான இடம் என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் வரவேண்டும். வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள். ஐ.டி. ஆட்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை: முதலாளியின் உடைமையைத் தொலைத்தார், வேண்டுமென்றே சேதப்படுத்தினார் என்ற காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழக்க நேரும். ஆகவே லெப்டொப், சேர்வர் அறைச் சாவி, ரவுட்டர், அட்மின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி வேறு கதை. சம்பளத்தின் மேல் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து நிற்கும் அந்தப் பணம், வேலை மாறுவதால் மட்டும் கைக்கு வராது. பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போனால் முன்னரே எடுக்கலாம். முதலாளி மட்டும் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை வேலையை விட்டபின் கோரலாம். புது வேலைக்கு வருமானம் வரும்வரை அது கைகொடுக்கும்.

சரி, சான்று விஷயத்துக்கு வருவோம். வகுப்புக்குப் போய்ப் படிக்காமலேயே, செய்து பழகிய வேலைக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள், பேச்சில் ஆர்.பி.எல். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் ஊடாக விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பெயரில் வரும். மதிப்பீட்டாளர் வந்து, அந்தத் தொழிலுக்கு வகுத்த திறன் அலகுகளை ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். ஒரு கேபிளுக்கு முனை அடித்து, சோதித்து, வேலை செய்யாத கணினியில் பழுது எங்கே என்று காரணத்தோடு சொல்லவேண்டி வரலாம்.

அதற்குமுன் ஆதாரக் கோப்பு ஒன்று கேட்பார்கள். பலருக்கு இங்கேதான் சறுக்கும், ஏனென்றால் செய்த வேலையை யாரும் எழுதி வைப்பதில்லை. நீங்கள் பூட்டிய நெட்வேர்க் ராக்கின் படம், நீங்களே வரைந்த கேபிள் வரைபடம், கணினி பழுதுபார்த்த பதிவுகள், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஜொப் ஷீட் எல்லாம் உதவும். நிறுவனத்தின் இரகசியத் தகவல் எதுவும் அதில் போய்விடக்கூடாது. எடுக்குமுன் மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். சேவைக் கடிதத்தையும் "ஐ.டி. உத்தியோகத்தராகக் கடமையாற்றினார்" என்ற ஒற்றை வரியில் வாங்காதீர்கள். சேர்வர் பராமரிப்பு, பெக்கப், இத்தனை கணினி கொண்ட வலையமைப்பு என்று விபரமாக எழுதித் தரச்சொல்லுங்கள்.

இந்தத் தேசிய தொழிற்தகைமை 1ஆம் நிலை முதல் 7ஆம் நிலை வரை போகிறது. 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். உயர்தரப் பெறுபேறு கைகொடுக்காதவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரிந்து இல்லை: உரிய துறையில் 4 இருந்தால் 5ஆம் நிலை டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம், அப்புறம் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போகலாம். மென்பொருள் கம்பனிகள் இந்தச் சான்றிதழைப் பார்த்தே ஆள் எடுக்கும் என்று சொல்லமாட்டேன். அங்கே நீங்கள் எழுதிக் காட்டும் கோட்தான் பேசும்.

கணினியே வேண்டாம், புறாத்தீவுக்கும் கோணேஸ்வரத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியாகப் போகிறேன் என்பவர்களுக்கும் விதி உண்டு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்தத் தொழிலில் இறங்காதீர்கள். தேசிய வழிகாட்டி தவிர, ஒரு பிரதேசத்துக்கோ ஓர் இடத்துக்கோ மட்டுமான வகைகளும் இருக்கின்றன. உள்ளூரிலேயே நிற்க விரும்புபவர்கள் அவற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நம் பக்கத்துக் கடல் அமைதியாகி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்குவது மே மாதமளவில். பயிற்சி, நேர்முகம், பதிவு எல்லாவற்றுக்கும் நேரம் எடுக்கும் என்பதால், அந்தச் சீசனில் உழைக்க வேண்டுமானால் முந்தின வருடமே விண்ணப்ப அறிவித்தலைத் தேடத் தொடங்குங்கள்.