ஹார்மோன் தடுப்பு மாத்திரை: எந்த ஹார்மோனை?

“ஹார்மோன் தடுப்பு மாத்திரை” என்ற பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் மருந்துக்கும் அதே பெயர், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துக்கும் அதே பெயர். திருநங்கைகளுக்குத் தேவை முதல் வகை. இரண்டாவதை யார் பேச்சையோ கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, “மார்பு வளரவே இல்லை, முகத்தில் முடிதான் கூடுகிறது” என்று வருபவர்கள் உண்டு. உடம்பில் கோளாறு எதுவும் இருக்காது. மருந்துதான் தலைகீழாக வேலை செய்திருக்கும்.

மாத்திரை அட்டையைத் திருப்பி, கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., டமாக்சிஃபென், க்ளோமிஃபீன் என்று இருந்தால் அது ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரான மருந்து. மார்பகப் புற்றுநோய்க்கும் குழந்தையின்மைச் சிகிச்சைக்கும் கொடுப்பவை இவை. ஸ்டீராய்டு போட்டு உடம்பு ஏற்றும் ஆண்கள், மார்பு பெருக்காமலிருக்க இவற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். திருநங்கை விரும்புவதற்கு நேர் எதிரான காரணம்!

இவை செய்யும் வேலையைப் பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்புத் திசுவில் இது நிறைய நடக்கும். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு என்று மூளை பார்த்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியை முடக்கியதும், மூளை “ஹார்மோன் போதவில்லை” என்று கணக்குப் போட்டு, பிட்யூட்டரி சுரப்பி வழியாக விரைகளை முடுக்கிவிடும். விரைகள் இருப்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் மேலே ஏறும், சொந்த ஈஸ்ட்ரோஜன் கீழே போகும். டமாக்சிஃபென் வேறு வழியில் கெடுக்கிறது: மார்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. அதற்கே ரத்தக்கட்டு (ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவது) அபாயம் உண்டு. ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்தால் இன்னும் கவலை.

“ஈஸ்ட்ரோஜன் அதிகமானால் டெஸ்டோஸ்டிரோனாகத் திரும்பிவிடும், அதற்கு பிளாக்கர் வேண்டும்” என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அப்படி நடக்காது. அரோமடேஸ் ஒருவழிப் பாதை.

உண்மையில் தேவைப்படும் தடுப்பான்களில் ஸ்பைரோனோலாக்டோன் ஒன்று, நாளுக்கு 100 முதல் 300 மி.கி. வரை, குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டிப் போவது. இதில் பார்க்க வேண்டியது பொட்டாசியம். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான் எடுப்பவர்களுக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பொட்டாசியம் சத்தமில்லாமல் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோலும் அதே வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. சைப்ரோடிரோன் என்றால் நாளுக்கு 10 மி.கி. போதும். முன்பெல்லாம் 50, 100 என்று கொடுத்தார்கள். அதிக அளவில் பல வருடம் எடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா கட்டி வரும் அபாயம் கூடுகிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் இதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விரைகளை முடுக்கும் சமிக்ஞையையே நிறுத்தும் லியூப்ரோலைடு ஊசி நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை அதிகம்.

தடுப்பானோடு எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் மருந்தும் சேர வேண்டும்: மாத்திரையாக நாளுக்கு 2 முதல் 6 மி.கி., அல்லது தோலில் ஒட்டும் பேட்ச், அல்லது ஊசி. 45 வயது தாண்டியவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் மாத்திரையைவிடப் பேட்ச் பாதுகாப்பானது. கருத்தடை மாத்திரையை இதற்குப் பதிலாகச் சாப்பிடவே கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். ரத்தக்கட்டு அபாயம் அதிகம், வழக்கமான எஸ்ட்ராடியோல் பரிசோதனையில் தெரியவும் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்னொன்று: விந்தணுவைச் சேமிக்க நினைப்பவர்கள் சிகிச்சை தொடங்குமுன் செய்துவிட வேண்டும்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே, எஸ்ட்ராடியோல் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம் என்று இருக்க வேண்டும். ரத்தம் கொடுக்கும் நேரம் மிக முக்கியம். மாத்திரையை நாக்கடியில் வைத்துக் கரைத்த ஒரு மணி நேரத்தில் எடுத்தால் அளவு எங்கேயோ போய் நிற்கும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் மீதி நாள் முழுக்கப் பற்றாக்குறைதான். ஊசி போடுபவர்கள் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் எடுக்கலாம். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமினைச் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது பரிசோதனை முடிவையே புரட்டிவிடும்.

விரைகளை நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் பொதுவாகத் தடுப்பான் தேவையில்லை. ஆனால் எஸ்ட்ராடியோலை நிறுத்தக் கூடாது. இரண்டு ஹார்மோனும் இல்லாத உடம்பில் எலும்பு கரையத் தொடங்கும். லெட்ரோசோலைத் தவறாக எடுத்தாலும் எலும்புக்கு இதே ஆபத்துதான்.

மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜன் தடுப்பான் எழுதப்பட்டிருந்தால் கணக்கே வேறு. அதைத் தானாக நிறுத்தக் கூடாது. எஸ்ட்ராடியோலைத் தொடர்வதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்றபடி தவறிச் சாப்பிட்டவர்கள் பயப்பட வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் கொண்டு வாருங்கள். லெட்ரோசோல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வெளியேறிவிடும். டமாக்சிஃபென் போக இரண்டு மாதம் ஆகலாம், அதற்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்து எஸ்ட்ராடியோல் அளவைக் கூட்ட அவசரப்படக் கூடாது.