தொக்பொக்கி: பெயரில் வறுவல், சட்டியில் பிரட்டல்

அரிசியை ஆவியில் வேகவைத்து, இடித்தோ பிசைந்தோ செய்யும் பண்டங்களைக் கொரியர்கள் பொதுவாக 'தொக்' என்பார்கள். 'பொக்கி' என்பது 'பொக்தா' என்ற வினையிலிருந்து வந்தது. வறுப்பது, வதக்குவது இரண்டுக்கும் அதே வினைதான். ஆக, 'தொக்பொக்கி' என்றால் வறுத்த தொக்.

ஆனால் சியோல் தெருக்கடைச் சட்டியைப் பார்த்தால் வறுவலே இல்லை. விரல் நீள வெள்ளை உருளைகள் சிவப்புக் குழம்பில் தளதளவென்று கொதிக்கும். பெயர் பழையது, பண்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான். முன்பு வசதியானவர்கள் வீட்டில் இதை மாட்டிறைச்சி, காய்கறி, சோயா சாஸ் சேர்த்து எண்ணெயில் வதக்கினார்கள், காரம் கிடையாது. மிளகாய் விழுது சேர்ந்த இன்றைய வடிவத்தை, கொரியப் போர் ஓய்ந்த 1953இல் சியோலின் சிந்தாங்-தோங் பகுதியில் கடை போட்ட மா போக்-ரிம் என்ற பெண்மணி பரப்பினார் என்று சொல்வார்கள். 1960, 70களில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையில் செய்த மலிவான தொக், பள்ளி வாசல் கடைகளை நிறைத்தது. சியோலின் தோங்கின் சந்தையில் இன்றும் எண்ணெயில் புரட்டியெடுத்துத் தருகிறார்கள். பெயருக்கு முழுதாகப் பொருந்துவது அதுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'அரிசி கேக்' எனக்கு ஒப்பவில்லை. கேக் என்றதும் இனிப்பும் அடுப்பில் சுட்ட மெத்தென்ற பதமும்தான் நினைவுக்கு வரும். ஆவியில் வெந்த அரிசி மாவுக்கு நம்மிடம் கொழுக்கட்டை இருக்கிறது. சின்னச் சின்னதாக உருட்டி வேகவைத்து, காரம் போட்டுத் தாளிக்கும் அம்மிணிக் கொழுக்கட்டை இதற்குக் கிட்டத்தட்ட பங்காளி. என்ன, தொக்கை வெந்த பிறகு நன்றாக இடிப்பதால் பல்லில் இழுபடும். குழம்பு ஒட்டிப்பிடிக்கும் பதத்துக்கு 'வறுவல்' சரிவராது, 'பிரட்டல்'தான் சரி. 'காரக் கொழுக்கட்டைப் பிரட்டல்' என்றால் கேட்பவருக்குப் பண்டம் கண்முன் வந்துவிடும். எழுதும்போது மூலப்பெயரையும் விடாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 'டொக்பொக்கி' வேண்டாம். அந்த 'ட' ஆங்கில எழுத்து வழியாக வந்தது. கொரிய ஒலி நம் 'த'வுக்கே நெருக்கம்.

வீட்டில் செய்ய, 300 கிராம் தொக்கைத் தண்ணீரில் ஊறவையுங்கள். தலையும் குடலும் நீக்கிய நெத்திலிக் கருவாட்டை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அதில் கொச்சுஜாங் என்ற புளித்த மிளகாய் விழுது இரண்டு மேசைக்கரண்டி, கொரிய மிளகாய்த்தூள், சர்க்கரை, சோயா சாஸ் ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, தொக்கைப் போட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். நம் மிளகாய்த்தூள் என்றால் பாதி போதும், காரம் தூக்கலாகிவிடும். குழம்பு கரண்டியின் பின்புறம் படிந்து நின்றால் பதம். அப்புறம் வெங்காயத்தாளும் அவித்த முட்டையும். உடனடி நூடுல்ஸையும் சேர்த்தால் பெயர் 'ராபொக்கி' ஆகிவிடும்.