ஆட்கடத்தல்: சொல்லுக்குள் மறையும் விற்பனை

திருகோணமலையில் ‘ஆட்கடத்தல்’ என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளை வான். அடுத்தது, அவுஸ்திரேலியாவுக்கென்று இரவோடிரவாகக் கரையை விட்டுக் கிளம்பும் ட்ரோலர். முன்னது ஆளைத் தூக்கிக்கொண்டு போவது. பின்னது காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்ட விடுவது. சட்டம் இந்தச் சொல்லால் குறிக்கும் குற்றம் வேறொன்று: சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைச் சேர்ப்பது. பொலிஸில் முறைப்பாடு எந்தப் பெயரில் பதியப்படுகிறதோ அந்தத் திசையில்தான் வழக்கும் போகும் என்பதால், அகராதிச் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

‘கட’ என்றால் தாண்டு. அதன் பிறவினை ‘கடத்து’, அதாவது தாண்டச் செய், ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேர். மின்கடத்தியும் நாளைக் கடத்துவதும் இதே வேரில் வந்தவை. சொல்லுக்குள் பயணம் மட்டுமே இருக்கிறது. இந்தக் குற்றத்தைக் குறிக்கும் ‘ட்ராஃபிக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லோ, பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் வணிகத்தைக் குறித்த சொல்லின் வழி வந்தது. தமிழாக்கியபோது பயணம் தங்கிவிட்டது, விற்பனை உதிர்ந்துவிட்டது.

ஆட்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறை இந்தக் குற்றத்தை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது: செயல், வழிமுறை, நோக்கம். ஆளைச் சேர்ப்பது, ஏற்றி அனுப்புவது, தங்கவைப்பது, பொறுப்பேற்பது எல்லாம் செயல். மிரட்டல், ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்துவது ஆகியவை வழிமுறை. உழைப்பையோ உடலையோ சுரண்டுவது நோக்கம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையின் 360சீ பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 2 முதல் 20 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் குறைந்தது 3 ஆண்டு. நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்றுறுதி செய்தது.

எல்லை தாண்டவேண்டும் என்ற நிபந்தனை இதில் எங்குமே இல்லை. கந்தளாயில் ஒரு வீட்டுக்குள்ளேயே இந்தக் குற்றம் நடந்து முடியலாம். “அவ விரும்பித்தானே போனா” என்ற பேச்சும் எடுபடாது. பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கவே தேவையில்லை. 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போய், பராமரித்த குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட மூதூர் றிசானா நபீக்கை இந்த மாவட்டம் மறக்காது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் இருந்த ஆண்டு 1982. அந்த ஆறு ஆண்டுகளை யாரோ ஒருவர் கைகூசாமல் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

தமிழில் பொருந்திய சொல் எது? அரச அறிவித்தல்களில் ‘மனித வியாபாரம்’ என்றும் வருகிறது. விற்பனை வெளியே தெரிவதால் அது ‘கடத்தலை’ விட நல்லது. வியாபாரம் வடசொல். தனித்தமிழில் ‘ஆள் வணிகம்’ எனலாம். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுக்கவரும் முதியவர் காட்டுவது ‘ஆளோலை’, அதாவது அடிமைச் சீட்டு. ஆளை உடைமையாக எழுதிக்கொள்ளும் பொருள் அந்தச் சொல்லில் அன்றே இருந்தது. ஆனாலும் வளைகுடாவிலிருந்து திரும்பிய பெண்கள் சொல்வதே எல்லாவற்றிலும் துல்லியம்: “எங்கள வித்துப்போட்டாங்க.”

அந்தத் துல்லியம் முறைப்பாட்டிலும் வேண்டும். ‘வெளிநாட்டு வேலை தருவதாக ஏமாற்றிப் பணம் பெற்றார்’ என்று மட்டும் எழுதினால் அது பண மோசடி. தரகர் பாதிக்காசைத் திருப்பிக் கொடுப்பார், கோப்பு மூடப்படும், அடுத்த வாரம் அவர் கிண்ணியாவில் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டுவார்.

ஆள் போகுமுன் அயலவரால் செய்யக்கூடியது அதிகம். “விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 2022இல் ஓமானில் சிக்கிய பெண்கள் இப்படித்தான் கொண்டுபோகப்பட்டார்கள். கணினி வேலை என்று நம்பி மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அகப்பட்ட இளைஞர்களும் உண்டு. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இதற்கென்றே உத்தியோகத்தர் இருக்கிறார். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பயணச்சீட்டு நான்கின் பிரதியும் வீட்டில் இருக்கவேண்டும்.

ஆள் போய்ச் சிக்கிய பிறகு தரகரோடு சண்டைக்குப் போகாதீர்கள். போனால் அவர் தொலைபேசியை மாற்றிவிடுவார், அங்குள்ளவருக்கு அடி விழும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல், வங்கிச் சிட்டையோடு சேர்த்து வையுங்கள். பாதிக்கப்பட்டவரின் படத்தை முகநூலில் போடவேண்டாம். திரும்பி வந்த பிறகும் அது அவரைத் துரத்தும். அழைக்கவேண்டிய இலக்கங்கள்: சிறுவர் என்றால் 1929, பெண்கள் என்றால் 1938, உடனடி ஆபத்து என்றால் 119.

முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்திடுங்கள். மூன்று கூறும் வரும்படி இப்படிச் சொல்லலாம்: “இன்ன திகதியில் இன்னார் என் மகளை வேலைக்குச் சேர்த்து அனுப்பினார். வீட்டு வேலை, இவ்வளவு சம்பளம் என்று பொய் சொன்னார். அங்கே கடவுச்சீட்டைப் பறித்து, சம்பளமில்லாமல் பூட்டிவைத்து வேலை வாங்குகிறார்கள். இதை 360சீ பிரிவின் கீழ் விசாரிக்கவேண்டும்.” பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.