முதலாளிக்கு மட்டும் கடைசியா தெரியற விஷயங்கள்

சேலம் சுத்துவட்டாரத்துல சின்ன, நடுத்தர கம்பெனிங்களுக்கு நிர்வாக ஆலோசனை சொல்றது என் தொழில். சேகோ பேக்டரி (ஜவ்வரிசி செய்யற இடம்), தறிப்பட்டறை, கொலுசுப் பட்டறை, ஏற்காடு எஸ்டேட்னு போய்ட்டு வந்துட்டு இருப்பேன். முதலாளிங்க என்கிட்ட பெரும்பாலும் கேக்கறது சரியான முடிவு எப்படி எடுக்கறதுன்னுதான். நான் பதிலுக்கு கேப்பேன், போன மாசம் உங்க கம்பெனில நடந்த கெட்ட விஷயம் ஒண்ணு சொல்லுங்க, அது உங்க ஆளுங்களுக்கு என்னைக்கு தெரிஞ்சுது, உங்களுக்கு என்னைக்கு தெரிஞ்சுது? இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நாள்லதான் பணம் போயிருக்கும்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ பேக்டரில நடந்தத சொல்றேன். குச்சிக்கிழங்க, அதான் மரவள்ளிக்கிழங்க, பிடுங்கிட்டா ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது, அரைச்சு பாலெடுத்துட்டா அதுக்கப்புறம் எங்கயும் நிக்காம போய்ட்டே இருக்கணும், தேங்கினா புளிச்சுரும், புளிச்சா ஜவ்வரிசி வெள்ளை குறையும், வெள்ளை குறைஞ்சா ரேட்டு விழும். அங்க ஒரு ராத்திரி கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் எடுக்கல. பேட்டரி வீக். காலைல முதலாளி டவுன்ல இருந்து வந்து பார்த்தா அன்னைக்கு பாலு பூரா போச்சு. இதுல எனக்கு முக்கியமா பட்டது என்னன்னா அந்த பேட்டரி ஒரு வாரமாவே வீக்குன்னு ஆபரேட்டருக்கு தெரியும், சூப்பர்வைசருக்கு தெரியும், லாரி டிரைவருக்குக்கூட தெரியும், ஏன்னா அவர் லாரி பேட்டரில வயர் மாட்டித்தான் தினம் ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தாங்க, அன்னைக்கு ராத்திரி லாரி லோடு எறக்க போயிருந்துச்சு. ஏனுங்க சொல்லலன்னு ஆபரேட்டரை தனியா கேட்டேன். "போன தடவை பெல்ட்டு மாத்தணும்னு சொன்னதுக்கு, உனக்கு எப்பப் பார்த்தாலும் செலவுதானான்னு கேட்டாருங்க, அதான் நாமளே எப்படியாச்சும் ஓட்டிக்கலாம்னு இருந்துட்டோம்"னாரு. முதலாளிக்கு அப்படி சொன்னதே ஞாபகம் இல்ல.

அவர் கெட்ட மனுஷன் கிடையாது, ஆளுங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாம் போய் முன்னாடி நிக்கறவரு. ஆனா ஒரு எரிச்சல்ல சொன்ன வார்த்தை அந்த பேக்டரில எழுதாத சட்டம் ஆயிருச்சு. தலைமைங்கறது மீட்டிங்ல பேசற பேச்சுல இல்லைங்க, கெட்ட சேதி காதுல விழுந்த முதல் நிமிஷத்துல மூஞ்சி எப்படி மாறுதுங்கறதுலதான் இருக்கு, அதத்தான் ஆளுங்க பார்த்து மனசுல எழுதி வெச்சுக்கறாங்க.

சின்ன இடத்துலதான் இப்படின்னு நினைக்காதீங்க. 1986 ஜனவரி 28, அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடில சிதறிப்போச்சு, ஏழு பேர் செத்தாங்க. முந்தின நாள் சாயங்காலமே, விண்கலத்த மேல தள்ளற பூஸ்டர் ராக்கெட்ட செஞ்சு கொடுத்த கம்பெனி இன்ஜினியருங்க, குளிர்ல அதோட இணைப்புல இருக்கற ரப்பர் வளையம் இறுகிப்போய் சரியா அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது நம்ம கணக்குல சுமார் 12 டிகிரிக்கு, கீழ இருந்தா ஏவ வேண்டாம்னு போன் மீட்டிங்ல சொன்னாங்க. நாசா பக்கத்துல இருந்து அழுத்தம் வந்ததும், கம்பெனி மேல்மட்டம் தனியா கூடிப் பேசுச்சு, அங்க இன்ஜினியரிங் தலைவர்கிட்ட இன்னொரு பெரிய அதிகாரி, இன்ஜினியர் தொப்பிய கழட்டிட்டு மேனேஜர் தொப்பிய போடுங்கன்னாரு. முடிவு மாறிப்போச்சு. இதவிட பெரிய விஷயம், விசாரணை செஞ்ச ரோஜர்ஸ் கமிஷன் சொன்னது. ஏவலாம்னு கடைசியா சரி சொன்ன நாசா ஆளுங்களுக்கு, இன்ஜினியருங்க முதல்ல வேண்டாம்னு எழுதிக் கொடுத்ததே தெரியாது. நடுவுல இருந்த படியிலயே நின்னுபோச்சு.

நம்ம ஊர்ல அந்த நடுப்படி யாருன்னு பார்த்தா பாதி இடத்துல சொந்தக்காரங்கதான். மச்சான், சித்தப்பா பையன், ரொம்ப வருஷமா இருக்கற கணக்குப்பிள்ளை. முதலாளி மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு, பாசத்துலயே நிறுத்தி வெக்கறாங்க. ஏற்காட்டுல காப்பி எஸ்டேட் வெச்சிருக்கற ஒருத்தர், இருக்கறது சேலம் டவுன்ல, மலை ஏறறது மாசத்துக்கு ஒரு தடவை. அராபிகா செடில தண்டுத் துளைப்பான் வண்டு விழுந்தா அந்த செடிய அடையாளம் பார்த்து பிடுங்கி எரிக்கணும், அதுவும் வண்டு வெளிய பறக்கறதுக்கு முன்னாடி. ஏப்ரல் மே ஒரு தடவை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு தடவை பறக்கும். இத தெரியாத மேஸ்திரி கிடையாது. ஆனா பிடுங்கின செடி எண்ணிக்கை அதிகமா காட்டுனா நீ என்னத்த பார்த்துட்டு இருந்தன்னு கேப்பாங்கன்னு எண்ணிக்கைய குறைச்சு எழுதறது, மேல பார்க்கறவரு பரவால்லயே கம்மியாத்தான் இருக்குன்னு சந்தோஷப்படறது, அடுத்த வருஷம் பக்கத்து பிளாக்லயும் காஞ்ச செடி நிக்கறது.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஹார்வர்டு பேராசிரியை, 1990கள்ல ஆஸ்பத்திரிகள்ல மருந்து கொடுக்கறதுல வர்ற தப்புகள ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தா, நல்லா நடக்கற வார்டுலதான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சு. தோண்டிப் பார்த்தா, அங்க தப்ப வெளிய சொல்ல பயம் இல்ல, மத்த இடத்துல மறைச்சிருந்தாங்க. நம்ம ரிப்போர்ட்டையும் இப்படி படிச்சுப் பாருங்க. ரிஜெக்‌ஷன் ஜீரோன்னு மாசாமாசம் ஒரு சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தா, பாராட்டறதுக்கு முன்னாடி பீஸ போய் கைல எடுத்துப் பாருங்க.

என்ன பண்ணலாம்னா, முதல்ல கேள்விய மாத்துங்க. எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டா சரியா இருக்குங்கன்னுதான் பதில் வரும். இந்த வாரம் எது உங்கள தூங்க விடல, எந்த மெஷின ஒப்பேத்தி ஓட்டிட்டு இருக்கீங்கன்னு கேளுங்க. சேதி வந்ததும் யார் பண்ணதுன்னு கேக்காதீங்க, இப்ப என்ன பண்ணலாம்னு கேளுங்க, யாருங்கறத நாளைக்கு பொறுமையா பார்த்துக்கலாம். லோன் போட்டு புது மெஷின் வாங்கறது, ரெண்டாவது யூனிட் போடறது மாதிரி திரும்ப முடியாத முடிவுன்னா, கேரி க்ளெய்ன்ங்கற உளவியல் ஆய்வாளர் சொல்லிக் கொடுத்த ஒரு முறை இருக்கு. ஒரு வருஷம் ஆச்சு, இந்த முடிவு படுதோல்வின்னு வெச்சுக்கங்க, ஏன் தோத்துச்சு, ஆளுக்கு ஒரு பேப்பர்ல எழுதுங்கன்னு சொல்றது. நம்ம ஊருக்கு பேர் போடாத பேப்பர்தான் சரி, பெரியவங்க முன்னாடி வாயத் திறந்து வேண்டாம்னு சொல்ல நம்ம பசங்களுக்கு வராது. ஒரு தறிப்பட்டறைல இப்படி எழுதச் சொன்னப்ப, புது தறிய ஓட்ட ஆளே கிடைக்காதுன்னு பாதிப்பேர் எழுதியிருந்தாங்க. கொட்டேஷன் வாங்கி மூணு மாசம் ஆகியும் யாரும் வாயத் திறக்கல.

ஆரம்பத்துல ஒண்ணும் வராது, பொறுமை வேணும். வர்றதும் சின்ன விஷயமாத்தான் வரும். ஒரு இடத்துல கிழங்கு தோல் சீவற அக்கா ஒருத்தங்க முதல்ல சொன்னது பொம்பளைங்க பாத்ரூமுக்கு தாழ்ப்பாள் இல்லைங்கறது. முதலாளி அன்னைக்கு சாயங்காலமே ஆள் கூட்டியாந்து மாட்டிட்டாரு. அடுத்த வாரமே அதே அக்கா வந்து, ஈரத்தரைல மோட்டார் வயர் தோல் உரிஞ்சு கெடக்கு, ரெண்டு பேருக்கு ஷாக் அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. தாழ்ப்பாள் மாட்டலன்னா அந்த வயர் சேதி வந்திருக்காது, ஒரு உசுரு போனப்புறம்தான் தெரிஞ்சிருக்கும்.

இப்படி விட்டா பயம் போயிரும், கட்டுப்பாடு இருக்காதேன்னு கேக்கறவங்க நிறைய பேர். கட்டுப்பாடு வேணும், ஆனா எதுக்குன்னு தெளிவா வெச்சுக்கங்க. தப்பு நடந்து தானா வந்து சொன்னவனுக்கு தண்டனை கிடையாது, மறைச்சவனுக்கு உண்டு, இத நோட்டீஸ் போர்டுலயே ஒட்டுங்க. முதல் தடவை மறைச்சு மாட்டறது உங்க மச்சானா இருந்தா அவருக்கும் அதே நடவடிக்கை எடுங்க. ஸ்டாஃப் அத பார்த்துட்டுத்தான் நம்புவாங்க.